திருப்பிப் போட்ட கல்

முப்பத்தொரு வருஷம் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளைத் திட்டிச் சம்பளம் வாங்கியவள் நான். கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். பேரரசின் பிற்காலம், முக்கியமாக மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகள், என் பாடம். அந்தக் காலத்து மண்டபங்களும் வளைவுகளும் சிலைகளும் அதிகாரத்துக்கு எப்படி ஜால்ரா போட்டன என்பதைப் படம் போட்டுக் காட்டி விளக்குவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் பிள்ளைகள் தூங்காத வகுப்பு என்று என் வகுப்புக்குப் பேர் இருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எனக்குப் பிடித்த படம் ஒரு வெற்றி வளைவு. ரோமில், பெரிய வட்ட அரங்கத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. உள்நாட்டுப் போரில் எதிராளியை ஒழித்துவிட்டு ஊருக்குள் நுழைந்த ஒரு சக்கரவர்த்திக்காகக் கட்டியது. தூரத்தில் நின்று பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். கிட்டப் போனால் திருட்டு தெரியும். அதிலிருக்கிற அழகான சிற்பங்கள் பலவும் அவருக்காகச் செதுக்கியவையே இல்லை. அவருக்கு முன்னால் ஆண்ட மூன்று பேரரசர்களின் சின்னங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து பதித்தவை. பன்றி வேட்டையாடுவது ஒருவர், படை நடத்துவது இன்னொருவர். முகத்தை மட்டும் செதுக்கித் தள்ளிவிட்டு இவர் முகத்தை வைத்துவிட்டார்கள். உடம்பு ஒரு ராஜாவுக்கு, தலை இன்னொரு ராஜாவுக்கு. அந்த வளைவில் அவர் காலத்திலேயே புதிதாகச் செதுக்கிய ஒரு பட்டையும் உண்டு. அதில் நடுவில் அவர் மட்டும் நம்மை நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் ஜனங்கள் குட்டி குட்டியாக, ஒரே உயரத்தில், ஒரே மூக்கோடு, அவர் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படம் வந்ததும் வகுப்பில் யாராவது ஒருவர் நம் ஊர்க் கட்-அவுட்டைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்போம்.

அப்புறம் சிவந்த ஊதா நிறக் கல்லில் நான்கு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற சிலை. ராஜ்யத்தை நாலு பேர் பங்கு போட்டு ஆண்டபோது செய்தது. நான்கும் ஒரே முகம், ஒரே வாள், ஒரே தொப்பி. பெற்ற அம்மா வந்தாலும் யார் யாரென்று சொல்ல முடியாது. அதிகாரத்துக்கு ஒரு முகம் இருந்தால் போதும், ஆளுக்கு ஒன்று எதற்கு என்பேன். ஒரு தர்பார் மண்டபத்தையும் காட்டுவேன். செங்கல் கட்டடம், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது, நீளமான வெற்றிடம், கடைசியில் உயர்ந்த மேடை. உள்ளே வருகிறவன் அந்த நீளத்தை நடந்து முடிப்பதற்குள் பாதியாகச் சுருங்கிவிடுவான். அதற்காகத்தான் அத்தனை நீளம்.

ஓய்வு பெற்ற பிறகு மயிலாப்பூரில் ஒன்றிரண்டு சபைகளில் இதையே பேசியிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பத் துணிச்சலாகப் பேசினீர்கள் என்பார்கள். செத்து ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆனவர்களைத் திட்டுவதற்கு என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

எங்கள் தெருக் கோடியிலிருந்து ஆற்றங்கரை நடக்கிற தூரம்தான். கரையோரம் நெருக்கமாகச் சின்னச் சின்ன வீடுகள். அந்த ஜனங்கள் கொத்துவேலைக்கும் வீட்டுவேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் மீன் விற்கவும் போகிறவர்கள். தெருவும் கரையும் சேருகிற இடத்தில் அவர்களே ஒரு படிப்பகம் கட்டியிருந்தார்கள். ஒரே அறை, வெளியே இரண்டு சிமென்ட் பெஞ்சு, உள்ளே நாலைந்து தினசரிகள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் கனமான கருங்கல் ஒன்றைப் பதித்து, அதில் பெயர்களை வெட்டி வெள்ளை பூசியிருந்தார்கள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட அதன்மேல் பேரை எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குகிற ஊர் இது. அந்தக் கல்லும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டு தினமும் காலையில் அதைத் தாண்டி நடை போவேன்.

என் வீட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, இப்போது என் சமையலையும் பார்த்துக்கொள்கிறவர் அந்தக் குடியிருப்புக்காரர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. நேரில் 'நீ, வா, போ' தான். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ரொம்ப நாள் உறைத்ததே இல்லை.

ஆற்றை அழகுபடுத்த வேண்டும் என்று அந்த வீடுகளை எல்லாம் எடுத்தார்கள். ஜனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். சாமான் ஏற்றிய லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போயின. நான் மாடியில் நின்று பார்த்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் அதையே புலம்பினேன். என் வீட்டுக்கு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் இரண்டு பஸ் மாறிப் பத்து மணிக்கு வர ஆரம்பித்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் புலம்பியது அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி.

வீடுகள் போன பிறகும் படிப்பகம் மட்டும் தப்பித்து நின்றது. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தலைவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர், எந்தச் சுவரையும் தட்டிப் பார்க்காமல் தாண்டமாட்டார். அந்தக் கட்டடத்தைச் சங்கமே எடுத்துப் பழுது பார்த்து, நடைப்பயிற்சிக்காரர்கள் உட்காரவும் பேப்பர் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனை என்று முதலில் கைதூக்கியவள் நான். ஓடு மாற்றி, டைல்ஸ் போட்டு, மின்விசிறி மாட்டினோம். திறந்து வைக்க ஒரு முக்கியப் புள்ளி வருவதாகத் தேதி கொடுத்தார். தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. தலைவருக்கு வியர்த்துவிட்டது. திறப்பு விழா என்றால் கல்வெட்டு வேண்டுமே.

சிந்தாதிரிப்பேட்டையில் கல்வெட்டு செய்து தருகிற பாய் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் சுவரைப் பார்த்தார், பழைய கல்லின் ஓரத்தை விரலால் அளந்தார். இந்தக் குழிக்கு ஏற்ற கனத்தில் புதுக்கல் வர எப்படியும் பத்து நாளாகும், இதையே பெயர்த்துத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாலிஷ் பண்ணி எழுதிவிட்டால் நாலு நாளில் முடியும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், இதுல நெறைய பேருங்க கீது. யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கணுமா?"

"கேக்கறதுக்கு யார் இருக்காங்க பாய்? எல்லாரும்தான் போயிட்டாங்களே" என்றேன்.

அதோடு விட்டேனா? இல்லை. பக்கத்தில் நின்ற தலைவரிடம், ரோமில் சக்கரவர்த்தியே இதைத்தான் செய்தார், பழைய கல்லைப் பெயர்த்துப் புது வளைவு கட்டினார், நாம் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை என்று ஜோக் அடித்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இன்று அந்த இடத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கண்டனமாகச் சொல்லி வந்ததை அன்று சிபாரிசாகச் சொல்லியிருக்கிறேன், வித்தியாசம்கூடத் தெரியாமல்.

மறுநாள் பாய் வாட்ஸ்அப்பில் எழுத்து மாதிரியை அனுப்பினார். மேலே முக்கியப் புள்ளியின் பேர், பெரிய எழுத்தில். நடுவில் தலைவர். கீழே, சின்ன எழுத்தில், செயலாளர் என்று நான். என் பேருக்கு முன்னால் 'முனைவர்' இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சேர்த்தார். சேர்த்ததில் எழுத்து நெருங்கி இன்னும் சின்னதாகிவிட்டது. தலைவரின் எழுத்து எத்தனை அங்குலம், என்னுடையது எத்தனை அங்குலம் என்று கேட்டேன். கால் அங்குலம் ஏற்றிக் கொடுத்தார். எல்லாத் தலையும் ஒரு பக்கமே திரும்பியிருக்கிற அந்தப் பட்டையில் தனக்கும் ஒரு கால் அங்குலம் கூடுதலாகக் கேட்ட ஜென்மம் யாராவது இருந்திருந்தால், அது நானாகத்தான் இருந்திருக்கும்.

விழாவுக்கு என் வீட்டில் வேலை செய்கிற அந்த அம்மாவைக் காபி கொடுக்கக் கூப்பிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அன்று லீவு, இருந்தாலும் நான் சொன்னதற்காக வந்தார். புள்ளி வந்தார், ரிப்பன் வெட்டினார், கல்லை மூடியிருந்த துணியை இழுத்தார். கை தட்டினோம். என் மைத்துனி என்னையும் கல்லையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். காபித் தட்டோடு அவர் சுவருக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். பாலிஷ் போட்ட பளபளப்பைப் பார்க்கிறார் என்று நினைத்து, முன்வரிசைக்கு இன்னும் காபி போகவில்லை என்று சைகை காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நாலு நாள் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஐந்தாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல், கேட்டார்.

"அந்தப் பழைய கல்ல இன்னா பண்ணீங்கம்மா?"

எதற்குக் கேட்கிறாய் என்றேன். அவர் மகனின் பேர் அதில் இருந்தது என்றார். அவருக்கு ஒரு மகன் இருந்ததும், காய்ச்சலில் பத்தொன்பது வயதில் போனதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வேலைக்கு அவர் வந்து சேர்வதற்குச் சில மாதம் முன்னால் நடந்தது. மகன் அந்தப் படிப்பகம் கட்டும்போது ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தானாம். வேலை முடிவதற்குள் போய்விட்டான். ஆகவே கல் வைத்தபோது அவன் பேரையும் சேர்த்து வெட்டினார்கள். கீழிருந்து மூன்றாவது வரி என்று அவருக்குத் தெரியும். படிக்கத் தெரியாது, வரியின் இடம் தெரியும். அந்தக் கல் எங்கே கிடந்தாலும் சரி, எடுத்துக்கொண்டுபோய்த் தன் அடுக்குமாடியில் வாசல் பக்கம் சாத்தி வைத்துக்கொள்கிறேன், லிஃப்டில் ஏற்றப் பக்கத்து வீட்டுப் பையன்கள் உதவுவார்கள் என்றார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கல் அங்கேயேதான் இருக்கிறது, சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அதன் முதுகில் என் பேர் இருக்கிறது என்று சொல்வதற்கு வாய் வரவில்லை.

"கழட்டும்போது உடைஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் கீரையை அப்படியே வைத்துவிட்டார். பிறகு, "முழுக் கல்லு வேணாம்மா. எம்புள்ள பேரு இருக்கற துண்டு மட்டும் இருந்தாப் போதும், தேடித் தர்றீங்களா?" என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். கூவத்தை ஒட்டிய சந்தில் பாயின் கடை. கல்லை மறுபடி கழற்ற வேண்டும், என் பேர் போனாலும் பரவாயில்லை, பழைய பக்கம் வேண்டும் என்றேன். விழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். ஏன் என்று சொன்னேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"கழட்டலாம் மேடம். ஆனா அந்தப் பக்கத்துல ஒண்ணும் இருக்காது. வழவழன்னு இருந்தா சிமெண்ட் புடிக்காது. உளியால பூரா கொத்தி வுட்டுத்தான் ஒட்டினோம்."

எந்தக் கொத்தனாரும் அப்படித்தான் செய்வாராம். அவர்மேல் தப்பே இல்லை. யாரையாவது கேட்க வேண்டுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அதை அவர் எனக்கு நினைவுபடுத்தவும் இல்லை, டீ வாங்கிவரச் சொன்னார். ரோமில் இன்னொரு வளைவு இருக்கிறது. ஒரு சக்கரவர்த்தி தம்பியைக் கொன்றுவிட்டு, அவன் பேரை அதிலிருந்து வெட்டியெடுத்தார். அங்கே வெண்கல எழுத்துகளைப் பதித்த பழைய குழிகள் இன்னும் இருக்கின்றன, அவற்றை வைத்துத் தம்பியின் பேரை அறிஞர்கள் மீட்டுவிட்டார்கள். நான் செய்த வேலை அதைவிடச் சுத்தம். பாயின் கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்ததும் உட்காரச் சொன்னேன். அவர் தரையில் உட்காரப் போனார். நாற்காலியில் என்றேன். என்னமோ கெட்ட செய்தி என்று அவருக்குப் புரிந்துவிட்டது, நுனியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உடையவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். பாயைக் கூட்டி வந்தது நான். அவர் திருப்பிப் போடலாம் என்றதும் ஒத்துக்கொண்டது நான். கேட்க ஆள் இல்லை என்று சொன்னதும் நான், அப்போது நீ என் வீட்டு அடுப்படியில்தான் இருந்தாய். துண்டு எதுவும் கிடையாது, உன் மகன் பேரைக் கொத்திவிட்டார்கள், அதன்மேல்தான் என் பேர் நிற்கிறது. வேண்டுமானால் புதுக்கல்லில் அவன் பேரை வெட்டித் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மலிவாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். புதுக்கல் வேண்டாம் என்றார். வேறு ஒன்று கேட்கட்டுமா என்றார்.

மகன் பேருக்குப் பக்கத்தில் அவனைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை சேர்த்து வெட்டியிருந்தார்களாம். மற்ற பேர்களுக்கு அப்படிக் கிடையாது, அவனுக்கு மட்டும்தான். கல் வைத்த அன்று குடியிருப்பில் ஒரு பெரியவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். இவர் அழுதுகொண்டிருந்ததில் காதில் விழவில்லை. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம், கல் எங்கே ஓடிப் போகிறது என்று இருந்துவிட்டார். அந்தப் பெரியவரும் இப்போது இல்லை. நேற்று ராத்திரி அடுக்குமாடியில் கேட்டுப் பார்த்ததில் மற்ற யாருக்கும் அது நினைவில்லையாம்.

"நீங்க தெனம் அந்த வழியாத்தான வாக்கிங் போய்க்கினு இருந்தீங்க. அந்த ரெண்டு வார்த்த இன்னான்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்."

போனை எடுத்தேன். வேலை தொடங்குமுன் தலைவருக்காக நான் எடுத்த படங்கள் இருந்தன. ஒழுகிய ஓடு, ஓதம் ஏறிய சுவர், உடைந்த பெஞ்சு. ஒரே ஒரு படத்தில் கல்லின் மேல் மூலை வந்திருந்தது. கீழ் வரிகள் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது இரண்டு வார்த்தையை நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. 'அருமை மகன்', 'நல்ல பிள்ளை', எதைச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதையும் செய்துவிட்டால் அப்புறம் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று பயந்தேன்.

நான் அந்தக் கல்லைப் படித்ததே இல்லை என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு வரிகூட.

அவர் அதை நம்பவில்லை. "எழுத்து தெரிஞ்சவங்க கண்ணு முன்னால எழுத்து இருந்தா எப்பிடிம்மா படிக்காம போவாங்க? சொல்ல மனசு வரலன்னா வேணாம், வுடுங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாளும் வந்தார். இன்றும் வருகிறார். அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும், நான்தான் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.